காற்றாலை அரைத்த பார்லியும் ஷெர்ரி ஊறிய பீப்பாயும்

நெதர்லாந்தின் தெற்கு ஓரத்தில், பெல்ஜியத்தை ஒட்டி இருக்கிறது பார்லே-நசாவ். இந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் பெல்ஜியத்துக்குச் சொந்தமான 22 துண்டு நிலங்கள் சிதறிக் கிடக்கின்றன. தெருவில் பதித்திருக்கும் வெள்ளைக் குறிகள்தான் நாட்டெல்லை. எல்லைக்கோட்டின் மேலேயே வீடு அமைந்துவிட்டால், வாசற்கதவு எந்தப் பக்கமோ அந்த நாட்டுக்கு அந்த வீடு. பட்டா, பாகப்பிரிவினை என்று அலைந்தவர்களுக்கே இந்த ஊர் சரியாகப் புரியும்!

இங்கே 1975-ல் ஃப்ரெட் வான் ஸைடம் ஒரு வடிசாலையைத் தொடங்கினார். முதலில் யெனேவர் என்ற டச்சு மதுவும் பழச்சாறு சேர்ந்த இனிப்பு மதுக்களும்தான் தயாரானது. விஸ்கி பிறகு வந்தது. அதன் பெயர் மில்ஸ்டோன், அதாவது திரிகைக்கல். முளைகட்டி உலர்த்திய பார்லியைக் காற்றால் சுழலும் பழைய ஆலைகளில் அரைத்து வாங்குவதால் வந்த பெயர் அது. கல் மெதுவாகச் சுற்றுவதால் மாவு சூடேறுவதில்லை. மில்லில் அரைத்த மாவைக் கையில் ஏந்திப் பார்த்தவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

சிங்கிள் மால்ட் என்றால், ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு வடித்தது. இதற்குப் பார்லி பயிரிடும் விவசாயி தழைச்சத்தில் கையை இறுக்கிப் பிடிக்க வேண்டும். உரம் கூடினால் விளைச்சல் கூடலாம். ஆனால் மணியில் புரதம் ஏறி, மாவுச்சத்து குறைந்துவிடும். மாவுச்சத்துதான் சர்க்கரையாகி, பிறகு சாராயமாகிறது. புரதம் அதிகமான பார்லியை மால்ட் ஆலைகள் ஒதுக்கினால், அது மாட்டுத் தீவனமாகக் குறைந்த விலைக்குத்தான் போகும்.

இவ்வளவு பார்த்துப் பார்த்து விளைவித்த தானியத்தின் ருசி, கடைசியில் கோப்பையில் மிஞ்சுகிறதா? ஷெர்ரி பீப்பாயில் முதிர்ந்த விஸ்கிகளை வரிசையாக வைத்து ருசிபார்க்கும்போது எழும் கேள்வி இது.

வாலையிலிருந்து வடிந்து வருவது தண்ணீர் போலத் தெளிந்த திரவம். நிறமும் மணமும் பெரும்பாலும் மரப்பீப்பாயில் சேர்பவை. ஐரோப்பியச் சட்டப்படி குறைந்தது 3 ஆண்டுகள் அதில் இருக்க வேண்டும். ஷெர்ரி என்பது தென் ஸ்பெயினின் ஹெரெத் வட்டாரத்துத் திராட்சை மது. ஒரு காலத்தில் அது பீப்பாயோடு கப்பலேறிப் போனது. காலிப் பீப்பாய்களை விஸ்கிக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். 1980-களில் ஸ்பெயினிலேயே பாட்டிலில் அடைப்பது வழக்கமானதும் அந்த வரத்து நின்றது. இப்போது விஸ்கிக்காகவே புதுப் பீப்பாயில் ஷெர்ரியை ஊறவைத்துப் பழக்கி அனுப்புகிறார்கள்.

ஷெர்ரியிலும் வகை உண்டு. ஓலோரோசோ காற்றுப்பட முதிர்ந்தது. இனிப்பில்லாதது, கொட்டைப் பருப்பின் மணம் உள்ளது. பெட்ரோ ஹிமெனெத் அதற்கு நேர் எதிர். பறித்த திராட்சையை வெயிலில் பரப்பி, கிட்டத்தட்ட உலர்திராட்சையாக்கிப் பிழிவதால் பாகு போலக் கறுத்து இனிக்கும்.

ருசிபார்ப்பவர்கள் லேசானதில் தொடங்குகிறார்கள். அடி அகன்று வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பை, சில சொட்டுத் தண்ணீர், மூக்குக்கே முதல் வேலை. விழுங்காமல் துப்பிவிடுபவர்களும் உண்டு.

லேசானது வடக்கே ஃப்ரீஸ்லாந்திலிருந்து வருகிறது. போல்ஸ்வார்ட் ஊரின் உஸ் ஹைட் மதுவாலை, உள்ளூர்ப் பார்லியில் வடிக்கும் ஃப்ரிஸ்க் ஹிண்டர் அது. பெயருக்கு ஃப்ரீஸ்லாந்துக் குதிரை என்று அர்த்தம். அதன் ஷெர்ரி வகை 40 சதவிகிதம். இளசு என்பது முதல் மடக்கிலேயே தெரியும், கொஞ்சம் கரடுமுரடு. ஆனாலும் முளைதானிய வாசனை ஒளியாமல் நிற்கிறது.

அடுத்தது மில்ஸ்டோனின் 12 ஆண்டு ஷெர்ரி வகை, 46 சதவிகிதம். உலர்திராட்சை, கிராம்பு, பட்டை என்று மரம் முன்னால் பேசுகிறது. பார்லி பின்னால் நின்று தாங்குகிறது. மூன்றில் நிறைவானது இதுதான். பெட்ரோ ஹிமெனெத் பீப்பாயில் முதிர்ந்த மில்ஸ்டோனுக்கு வந்தால் பேரீச்சை, அத்தி, கருகிய வெல்லப்பாகு. முதல் மடக்கு மயக்கும், மூன்றாவது திகட்டும். பார்லியை அதில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

விலையும் பெரும்பாலும் பீப்பாயையும் வயதையும் பார்த்தே ஏறுகிறது. அதில் நியாயமும் உண்டு. ஆண்டுக்கு 2 சதவிகிதம் ஆவியாகிறது என்று வைத்தாலே, 12 ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காற்றோடு போய்விடும். விவசாயியோ பார்லியை எடைபோட்டுக் கொடுத்த பருவத்திலேயே கணக்கை முடித்துக்கொண்டவர்.

ருசிபார்ப்பவர்களிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. காலிக் கோப்பையைக் கழுவாமல் வைத்து, மறுநாள் காலையில் முகர்வார்கள். இரவோடு பழவாசனை அடங்கியிருக்கும். அடியில் ஒட்டிக் காய்ந்த சொட்டில் தானிய மணம் இருக்கிறதா என்று அப்போது மறுபடி தேடுவார்கள்.