கடலுக்கு அங்கிட்டு யாரு?

புர்கினா ஃபாசோவின் தலைநகரம் எது? சொல்லுங்கள் பார்க்கலாம்.

ஒவாகடூகு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மங்கோலியாவுக்கு உலான்பாத்தர். உலகின் மிக ஆழமான ஏரி பைக்கால். படித்தது என்னவோ பி.காம்.தான். ஆனால், வங்கித் தேர்வுக்காகப் பொது அறிவுப் புத்தகங்களைக் கரைத்துக் குடித்திருந்தேன். வங்கி வேலை கிடைக்காமல் பத்திரிகைக்கு வந்து சேர்ந்தது தனிக் கதை.

இந்தக் கரைத்துக் குடித்தலில் பாதி நடந்தது அகரத்தில், அத்தை வீட்டுத் திண்ணையில். திண்டுக்கல்லில் இருந்து கரூர் போகிற பக்கம், தாடிக்கொம்பை ஒட்டிய ஊர். ஒரு சாயங்காலம் நான் தலைநகரங்களைச் சத்தமாக ஒப்பித்துக்கொண்டிருந்தேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

''ஏன் மருமகனே, இம்புட்டுப் பேரு தெரியுதே... நம்ம வீட்டுல இருந்து நேரா மேக்கால போனா என்ன ஊரு வரும்?''

''ஒட்டன்சத்திரம் பக்கம் வரும் அத்தை. அப்புறம் பழனி.''

''அதுக்கும் மேக்க?''

''மலை. மலையைத் தாண்டினா கேரளா, திருச்சூர் பக்கம். அப்புறம் கடல்.''

''கடலுக்கு அங்கிட்டு?''

கொஞ்சம் திணறிவிட்டு, ''அரேபியா'' என்றேன். அரபிக்கடல் என்றால் அந்தக் கரையில் அரேபியாதானே இருக்க வேண்டும்? நீங்களும் இப்போது மனசுக்குள் அதைத்தானே சொன்னீர்கள்? அத்தை 'சரி' என்று கீரைக்குத் திரும்பிவிட்டார். நான் மேப்பைத் திறந்து பார்க்கவில்லை. தேர்வில் வருகிற கேள்வி இல்லையே!

பத்திரிகையில் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நாள் கழித்து நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். முகாமாக மாறியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில், சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் நோட்டும் பேனாவுமாகப் போய் நின்றேன். அவர் அழவில்லை. என்னைத்தான் கேட்டார்:

''மொத அலை வந்துச்சு. ஓடுனோம். தண்ணி வடிஞ்சுபோச்சு, அவ்வளவுதான்னு நெனச்சு புள்ளையத் தேடித் திரும்பி வந்தோம். அடுத்தது வரும்னு யாருமே சொல்லலியே... நீங்கள்லாம் படிச்சவங்கதானே தம்பி? உங்களுக்குமா தெரியாது?''

தெரியாது. சுனாமி ஜப்பானியச் சொல், 'துறைமுக அலை' என்று அர்த்தம் என்பது மட்டும் தெரியும். வங்கித் தேர்வுக்கு அது போதும். அது ஒற்றை அலை இல்லை, வரிசையாக வரும், முதலாவதை விட அடுத்தது பெரிதாகவும் இருக்கலாம் என்பது எனக்குத் தெரியாது. சொல்லின் பொருள் தெரிந்தது. ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா என்பது தெரியவில்லை. அந்த அம்மாவுக்கு நான் பதில் சொல்லவே இல்லை.

ஊர் திரும்பி, அலுவலகத்து அட்லஸை விரித்து வைத்துக்கொண்டு வந்த செய்திகளை எல்லாம் படித்தேன். இந்திய நேரப்படி காலை 6.29-க்கு சுமத்ரா அருகே பூமி குலுங்கியது. நம் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அலை நம்மோடு நிற்கவில்லை. மேற்கே ஓடிக்கொண்டே இருந்தது. ஏழு மணி நேரம் கழித்து, சுமார் 5,000 கிலோமீட்டர் தாண்டி, ஆப்பிரிக்காவில் சோமாலியாவை அடித்தது. அந்த நாட்டில் ஏறக்குறைய 300 பேர் பலி. மிக மோசமாக அடிபட்ட இடம் ஹாஃபூன்.

ஹாஃபூன் எங்கே இருக்கிறது என்று விரலால் தேடினேன். ஆப்பிரிக்க நிலப்பரப்பின் கிழக்குக் கோடி முனை. அட்சரேகையைப் பார்த்தேன். பத்தரை டிகிரிக்குச் சற்றே கீழே. ஸ்கேலை எடுத்து அங்கிருந்து கிழக்கே கோடு இழுத்தேன். கடலைத் தாண்டி, கேரளத்தைத் தாண்டி, பழனியை ஒட்டி வந்து, கோடு திண்டுக்கல்லுக்குக் கொஞ்சம் வடக்கே நின்றது.

அகரம்! அத்தை கேட்ட கேள்விக்கு விடை அரேபியா இல்லை. ஹாஃபூன்.

இன்னொரு கணக்கும் போட்டேன். ஹாஃபூனில் அலை ஏறியபோது நமக்கு மதியம் ஒன்றரை மணி வாக்கு. நம் வீட்டு டி.வி.யில் காலையிலிருந்தே கடற்கரைக் காட்சிகள் ஓடிக்கொண்டிருந்தன. உலகத்துக்கே தெரிந்துவிட்டது. அந்த மீனவர்களுக்கு மட்டும் தெரியாது. 1991-லிருந்தே அரசாங்கம் சிதைந்து கிடந்த நாடு. யார் போய்ச் சொல்வது? அதே அன்று கென்யாவுக்குத் தகவல் கிடைத்தது. கடற்கரையில் இருந்தவர்களை வெளியேற்றினார்கள். அங்கே இறந்தது ஒருவர்.

அதை விட ஆச்சரியம், சுமத்ராவை ஒட்டிய சிமுலு தீவு. நிலநடுக்கம் பிறந்த இடத்துக்கு மிகப் பக்கம். 70,000 பேருக்கு மேல் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் 7 பேர்தான். 1907-ல் அங்கே ஒரு சுனாமி வந்திருக்கிறது. அன்றிலிருந்து பாட்டிகள் பேரன் பேத்திகளுக்குச் சொல்லி வந்தார்களாம்: 'பூமி பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு.' அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'ஸ்மோங்'. பூமி ஆடியது. ஓடினார்கள். பிழைத்தார்கள். நம் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007-ல். அந்தப் பாட்டிகள் தங்கள் மையத்தை நூறு வருஷமாகத் திண்ணையிலேயே நடத்தி வந்திருக்கிறார்கள்.

அடுத்த மாதம் அகரம் போனபோது அத்தையிடம் ஒப்புக்கொண்டேன். ''அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டேன் அத்தை. அங்கிட்டு இருக்கிறது சோமாலியா. ஹாஃபூன்னு ஒரு மீன்பிடிக்கிற ஊரு. அவங்களுக்கும் இதே அலைதான்.''

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: ''நமக்கு நேர் எதிர்த்த வீடுன்னு சொல்லு. அவுகளுக்கு யாரும் ஒரு சத்தம் குடுக்கலையாக்கும்?''

அத்தை இப்போது இல்லை. ஆனால், யாராவது பிள்ளைகள் என்னிடம் வந்து தலைநகரங்களை ஒப்பித்தால், நான் கைதட்டிவிட்டு அட்லஸை எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறேன். நீங்களும் செய்து பாருங்களேன். உங்கள் ஊரில் விரலை வையுங்கள். நேராக மேற்கே நகர்த்துங்கள். மலை வரும், கடல் வரும். அதற்கு அங்கிட்டு யார் வீடு இருக்கிறது என்று பாருங்கள்.

ஒருநாள் அவர்களுக்கு நாமோ, நமக்கு அவர்களோ சத்தம் கொடுக்க வேண்டியிருக்கும்.