ராவணன் பக்கத்து ஏரி

திருவையாற்றில் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் கேட்டு வளர்ந்த கதை இது. கயிலைக்குப் புறப்பட்ட அப்பருக்குக் கால் தேய்கிறது, கை தேய்கிறது. மார்பால் ஊர்கிறார், கடைசியில் புரண்டும் போகிறார். முனிவராக எதிரே வந்த சிவன், "குளத்தில் முங்கு" என்கிறார். முங்கினவர் எழுந்தது ஐயாற்றுக் குளத்தில். ஆடி அமாவாசை அன்று ஐயாறப்பர் கோயிலில் கூடுகிற கூட்டமெல்லாம் அந்தக் கயிலைக் காட்சிக்காகத்தான்.

எந்தக் குளம்? சேக்கிழாரைப் படித்தால், முனிவர் குளத்தையும் கூடவே கொண்டுவந்ததாகச் சொல்கிறார். ஆக, அது எங்கும் இருந்த குளமல்ல. இதைச் சொன்னால் பெரியம்மாவுக்குக் கோபம் வரும். "மானசரோவர்தான்டா, வேற எது?"

அந்த மானசரோவரைப் பார்க்க, காத்மாண்டுவிலிருந்து கேரூங், சாகா வழியாகப் பஸ்ஸில் போனோம். மண் நிறத்து மேடுகளையே பார்த்துச் சலித்த கண்ணுக்கு, ஒரு திருப்பத்தில் ஏரி தெரிந்தது. தெற்கே 7,694 மீட்டர் குர்லா மாந்தாதா. வடக்கே, மேகம் வழிவிட்டால், கயிலை. பஸ்ஸில் யாரோ "சிவ சிவா" என்றார்கள், எனக்குத் தலைவலி. ஏரி இருப்பது சுமார் 4,590 மீட்டர் உயரத்தில். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியைச் சற்று மிஞ்சும், அவ்வளவுதான். தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் நேபாளிச் சமையல்காரர்கள் அரிசியைக் குக்கரில்தான் வேகவைத்தார்கள்.

சிந்து, சட்லெஜ், பிரம்மபுத்திரா, கர்னாலி என்று நாலு நதிகள் இந்த ஏரியிலிருந்து நாலு மிருகங்களின் வாய்வழியே பாய்வதாக ஐதீகம். அவற்றின் ஊற்றுகள் இந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன, ஏரியில் அல்ல. 1812ல் சந்நியாசி வேஷத்தில் வந்த மூர்கிராஃப்ட் என்ற ஆங்கிலேயர் கரையோரம் நடந்து பார்த்துவிட்டு, ஏரியிலிருந்து தண்ணீர் வெளியேற வழியே இல்லை என்றார். 1846ல் வந்த ஹென்றி ஸ்ட்ரேச்சியோ, பக்கத்து ஏரிக்குப் போகும் வாய்க்காலில் தண்ணீர் ஓடக் கண்டார். இருவர் சொன்னதும் நிஜம். கங்கா சூ என்ற அந்த வாய்க்கால் சில காலம் ஓடும், சில காலம் வறண்டு கிடக்கும். ஓடினால் நல்ல சகுனம் என்பது திபெத்தியர் நம்பிக்கை. 1907ல் ஸ்வென் ஹெடின் படகை இறக்கியபோது, ஏரித் தெய்வம் விடாது என்று பயமுறுத்தினார்களாம். அவர் ராத்திரியோடு ராத்திரியாகக் கடந்து, ஆழமும் பார்த்தார். 80 மீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

எங்களை ஏரியில் இறங்க விடவில்லை. வாளியில் மொண்டு கரையிலேயே ஊற்றிக்கொள்ளச் சொன்னார்கள். முதல் சொம்பில் மூச்சு நின்றது. சற்றுத் தள்ளி, ஏரியை வலம் வந்துகொண்டிருந்த ஒரு திபெத்தியப் பாட்டி குனிந்து ஒரு கை அள்ளி, ஒரு வாய் குடித்து, மிச்சத்தை உச்சியில் தேய்த்துக்கொண்டு நடையைக் கட்டினாள். அவளுக்குக் குளியல் தேவைப்படவில்லை.

பக்கத்து ஏரி ராட்சஸ தாலம். ராவணன் தவம் செய்த இடம் என்கிறார்கள். பார்க்கப் பத்து நிமிஷம்தான் கொடுத்தார்கள். "தண்ணியைத் தொடாதீங்க" என்று வழிகாட்டி எச்சரித்தான். எனக்கு அது ஒப்பவில்லை. சம்பந்தர் பதிகங்களில் எட்டாம் பாட்டு, அப்பர் பதிகங்களில் பெரும்பாலும் கடைசிப் பாட்டு, மலையைத் தூக்கி நசுங்கின ராவணனுக்குத்தான். தேவாரம் கேட்டவனுக்கு அவன் அந்நியன் இல்லை. இறங்கிப்போய் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். லேசான உப்பு.

அதற்கும் காரணம் உண்டு. மானசரோவர் இதைவிட ஒரு பதினைந்து மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் தண்ணீர் வாய்க்கால் வழியாகவும் மண்ணுக்கடியில் கசிந்தும் இங்கே இறங்குகிறது. உப்பும் கூடவே வருகிறது. இங்கிருந்து சட்லெஜுக்குப் போகும் பழைய வழி தூர்ந்து கிடப்பதால், வெயிலில் தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போக, உப்பு தங்கிவிடுகிறது. ஒன்று நன்னீராக இருக்க, இன்னொன்று அதன் உப்பையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது. அதன் பெயர்தான் ராட்சஸ ஏரி!

மானசரோவரில் முக்கால் பாட்டில் தண்ணீர் பிடித்து, இறுக மூடி, துணிமூட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். ஐயாற்றில் எடுத்தபோது பாட்டில் ஒட்டிய வயிறு மாதிரி உள்ளே போயிருந்தது. பெரியம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உப்புக் கதையைச் சொன்னேன்.

"அப்ப அந்தத் தண்ணி?"

"தொடக்கூடாதுன்னாங்க பெரியம்மா."

"நீ தொட்டேல்ல, ஒரு பாட்டில் பிடிச்சாந்தா என்னவாம்?"

சொல்லிக்கொண்டே மூடியைத் திருகினாள். உஸ்ஸென்று ஐயாற்றுக் காற்று உள்ளே போக, படக்கென்று பாட்டில் நிமிர்ந்துகொண்டது.