கூடையை இறக்கிய பிறகு

"வயசு போனா மறதி வரத்தானே செய்யும்" என்று தோட்டங்களில் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். ஹட்டன் பக்கத்து லயமொன்றில் நானும் அதைக் கேட்டே வளர்ந்தேன். ஆனால், சொந்தப் பிள்ளையின் பெயரே மறந்துபோகும் அளவுக்கு வரும் மறதி மூப்பின் இயல்பு அல்ல, அது நோய்.

'லான்செட்' மருத்துவச் சஞ்சிகையின் நிபுணர் குழு 2024இல் 14 காரணிகளைச் சுட்டிக்காட்டியது. அவற்றைக் கவனித்தால் உலகில் மறதி நோயின் ஏறத்தாழ 45 வீதத்தைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்கிறது. உயர் இரத்த அழுத்தம், சீனி வியாதி, காது கேளாமை, பார்வைக் குறைவு, புகைத்தல், உடலுழைப்பின்மை, மனச்சோர்வு, தனிமை, தலைக்காயம் என்பன அவற்றுட் சில.

என் அம்மா கொழுந்து பறித்தவர். விடிந்தால் பிரட்டுக்களம், பிறகு மலையேற்றம், நிரையில் நின்று ஊர்க்கதை, கொழுந்து நிறுக்கும்போது கிலோக் கணக்கு. வேலையிலிருந்து நின்றதும் நடை, பேச்சு, கணக்கு எல்லாம் ஒரே நாளில் நின்றன. விறகடுப்பின் அருகிலேயே குந்தியிருந்தார். கேட்டதற்குப் பதில் வராது. "புத்தி தடுமாறுது" என்றார்கள் அயலவர்கள். கிளினிக்கில் பார்த்தபோது பிரஷர் ஏறியிருந்தது, காதும் மந்தமாகியிருந்தது. காது கேளாதவர் பேச்சிலிருந்து ஒதுங்குவார். ஒதுங்க ஒதுங்க மூளைக்கும் வேலை குறைகிறது.

இப்போது மாத்திரை தவறுவதில்லை. உப்பையும் கருவாட்டையும் குறைத்துவிட்டோம். முகம் பார்த்து நிதானமாகப் பேசுகிறோம். மாலையில் கோயில்வரை நடந்து வருகிறார். பேத்தியிடம் எழுத்துப் படிக்கிறார். மறதி முற்றாகப் போய்விடவில்லை. ஆனால் அம்மா மீண்டும் கதைக்கிறார்.

1977, 1983 கலவரங்களில் மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போன எங்கள் உறவுகளும் இதை வாசிக்கக்கூடும். 2009வரை நீடித்த போரில் தலையில் காயப்பட்டவர்களும், இழப்பின் துயரம் இன்னும் ஆறாதவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பயப்படத் தேவையில்லை. இது தலைவிதி அல்ல.

சகோதரிகளே, பிரஷரையும் சீனியையும் பார்த்துக்கொள்ளுங்கள். கண், காதைச் சோதியுங்கள். தினமும் நடவுங்கள். வெற்றிலையோடு புகையிலை வேண்டாம். மாதர் சங்கமோ கோயிலோ, நாலு பேரோடு கூடியிருங்கள். மனத்துயரை வைத்தியரிடம் சொல்ல வெட்கப்படாதீர்கள். பழகிய வழி தவறினால், அடுப்பில் வைத்தது அடிக்கடி மறந்தால், வயது என்று விட்டுவிடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிள்ளைகளுக்காக ஓடிய நாம், நமது நினைவையும் காப்போம்.