கஞ்சிராவும் கிதாரும்

புதுக்கோட்டைச் சீமையிற் பிறந்தார்க்குக் கஞ்சிராவின்மீது ஒரு தனி அபிமானம் உண்டு. ஒரு சாண் அகலத்துக்குட்பட்ட பலாமர வளையம். அதன் ஒரு முகத்தில் இழுத்து ஒட்டிய உடும்புத்தோல். பக்கத் துவாரத்தில் சிறு சிலம்புத் தகடுகள். இவ்வளவே அதன் உடல். தோலின் உட்புறத்தில் நீர் தெளித்துச் சுருதியைத் தாழ்த்தி, ஒரு கையாற் பிடித்து மறுகையால் வாசிப்பர். பஜனைக் கூட்டத்தோடு நின்றிருந்த இக்கருவியைச் சங்கீத வித்வான்களின் சபையில் ஏற்றியவர் எம் ஊர் மான்பூண்டியா பிள்ளை. அவர் மாரியப்பத் தவில்காரரிடம் லயம் பயின்றவர் என்பர். அதனாலேயே புதுக்கோட்டைப் பாணியில் தவிலின் கணக்கு வழக்குகள் ஊறிக்கிடக்கின்றன. அவர் மாணாக்கராகிய தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875–1936) கஞ்சிரா, மிருதங்கம் இரண்டிலும் பெரும்புகழ் எய்தினார். இப்பொழுது உடும்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தாற் (1972) காக்கப்படுவதால், ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் வழக்கிற்கு வந்துள்ளன. அந்த நாதம் இவற்றில் முற்றும் வாராதென்று மூத்தோர் குறைபடுவர். உடும்பின் பக்கத்திலும் நியாயம் உண்டன்றோ!

நிற்க. ஜான் மக்லாப்லின் என்பார் 1942-இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரிற் பிறந்த கிதார் வித்வான். அமெரிக்காவிற்கு அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்கள் படைத்த ஜாஸ் சங்கீதத்தில் அவர் பெயர்பெற்றவர். புகழ் வந்த பின்னரும் அவர் அமெரிக்காவின் வெஸ்லியன் சர்வகலாசாலையில் டாக்டர் எஸ். இராமநாதனிடம் மாணாக்கராக அமர்ந்து வீணை பயின்றார். பின்னர் எல். சங்கர் (வயலின்), ஜாகிர் உசேன் (தபலா), விக்கு விநாயகராம் (கடம்) முதலியோருடன் ‘சக்தி’ என்னுங் குழுவை அமைத்தார். அவர்களது முதல் இசைத்தட்டு 1975-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் நியூயார்க்கையடுத்த ஒரு கல்லூரியில் கச்சேரி நிகழும்பொழுதே பதிவாயிற்று. கமகங்களின் பொருட்டு அவர் தம் கிதாரின் மெட்டுக்களுக்கு இடையே மரத்தைக் குடைவித்தார். வீணையிற் போலத் தந்தியை இழுத்து அசைக்க அது இடந்தந்தது. குறுக்கே அநுநாதத் தந்திகளையும் பூட்டுவித்தார். பிற்காலத்தில் விநாயகராமின் குமாரர் செல்வகணேஷ் இக்குழுவிற் கஞ்சிரா ஏந்தினார். 2023-இல் வெளிவந்த அவர்களது இசைத்தொகுப்பு மறுவருடம் கிராமி விருது பெற்றது. அது வெளிவந்த காலத்தில் மக்லாப்லினுக்கு வயது எண்பத்தொன்று.

இத்தகைய கலப்பினால் நம் சங்கீதம் கெடும் என்பார் பலர். பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியரின் வயலினைக் கையிலெடுத்த காலத்தும் எவரேனும் இவ்வாறு கூறியிருத்தல் கூடும். நம் கல்லூரி ஆலயத்திற் பாடப்பெறும் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளும் இரு கரைகளை இணைத்த பாலங்களே. எனினும், கலப்பு எல்லாம் நன்றெனக் கூறவும் எம் மனம் துணியவில்லை. வெறும் ஆரவாரமாய் முடிந்த கூட்டுக் கச்சேரிகள் பலவற்றை யாமே கேட்டு வருந்தியிருக்கின்றோம்.

குடுமியான்மலைக் குன்றில் வெட்டப்பட்டுள்ள இசைக் கல்வெட்டை எம் மாவட்டத்தார் அறிவர். கி.பி. 7-ஆம் நூற்றாண்டினது எனப் பலர் கொள்ளும் அதனை, உருத்திராசாரியரின் மாணாக்கனாகிய ஓர் அரசன் மாணாக்கரின் நன்மைக்காகவே இயற்றினான் என்று அக்கல்லே கூறுகின்றது. அரசனாயினும் தன்னை மாணாக்கன் என்றே அவன் பொறித்துக்கொண்டமை எமக்கு மிகவும் உவப்பானது.

எம் தாய்மாமன் கோயிற்றவில் வாசிப்பவர். அவர் புதல்வன், எம் மைத்துனன், பாடம் பாதியில் நிற்கக் கிதார்க் கூட்டத்தாருடன் நகரம் போயினான். அன்றுமுதல் தந்தையும் மகனும் பேசுவதில்லை; இரண்டு பொங்கல் அவன் இல்லாமலே கழிந்தன. சென்ற விடுமுறையில் மாமன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, மேற்சொன்ன குழுவின் இசையை அவர் கேட்கச் செய்தோம். கிதார் ஒலி எழுந்ததும் முகஞ்சுளித்தார். கஞ்சிரா தொடங்கியதும் அவருடைய வலக்கை தொடைமேல் தாளம் போடலாயிற்று. கிதாரும் கஞ்சிராவும் மாறிமாறிக் கேள்வியும் விடையுமாய்ச் சென்று, ஒரு நீண்ட கோர்வையின் முடிவில் இரண்டும் ஒருங்கே சமத்தில் வந்து விழுந்தபோது அவர் கண்களைத் திறந்தார்.

“இந்தத் துரை யாரிடம் பாடம் கேட்டார், மாப்பிள்ளை?” என்றார். யாம் அறிந்தவற்றைக் கூறினோம். சற்றுநேரம் வாளாவிருந்து, “கிதாரின்மேல் எனக்கென்ன பகை? இவர் வயது வந்தபிறகும் உட்கார்ந்து கற்றிருக்கிறார். அவன் கண்டநடைப் பாடத்தை முடிக்காமற் போனான், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை” என்றார். அத்தை உள்ளிருந்து எட்டிப்பார்த்தார். அவரைப் பாராமலே, “அந்தப் பாடத்தை முடிக்க வருவானேயானால் வரட்டும், கிதாரையும் வேண்டுமானால் கொண்டுவரட்டும்” என்று கூறி மாமன் எழுந்து மாலைப் பூசைக்குப் புறப்பட்டுவிட்டார்.

அன்றிரவே மைத்துனனுக்கு இதனை எழுதினோம். மறுமொழி இன்னும் வரவில்லை.