வீட்டுக்கு ஒரு பிரிண்டர்

ஆதார் நகல், பிள்ளைகளின் ப்ராஜெக்ட், பள்ளிப் படிவம் என்று ஆல்-இன்-ஒன் பிரிண்டர் தேடும் நண்பர்களே, விலையை அப்புறம் பாருங்கள். வாரத்துக்கு எத்தனை பக்கம் அச்சடிப்பீர்கள் என்று முதலில் கணக்குப் போடுங்கள்.

அடிக்கடி, கலரிலும் வேண்டுமென்றால் இங்க் டேங்க்தான். எப்சன் 2010-இல் இந்தோனேசியாவில் அறிமுகப்படுத்திய வகை இது. பாட்டில் மையை ஊற்றிக்கொள்வதால் பக்கத்துக்கு ஆகும் செலவு வெகு குறைவு. ஆனால் மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் மை காய்ந்து பிரிண்ட் ஹெட் அடைத்துக்கொள்ளும். எப்போதாவது கறுப்பு வெள்ளை மட்டும் என்றால் லேசர் வாங்குங்கள். டோனர் பொடி, காயாது.

எனக்கு அச்சடிப்பதைவிட ஸ்கேனர்தான் முக்கியம். பெரும்பாலான வீட்டு மாடல்களில் கண்ணாடி ஏ4 அளவுதான் இருக்கும். முத்திரைத்தாள் பத்திரமோ அதைவிட நீளம். லீகல் அளவுத் தாளைத் தானே உள்ளிழுக்கும் ஏடிஎஃப் (தானியங்கித் தாள் ஊட்டி) இருந்தால் முழுதாக வரும்தான். ஆனால் மடிப்பில் இற்றுப்போன தாத்தா காலத்துப் பத்திரத்தைத் தயவுசெய்து அதில் விடாதீர்கள், கிழிந்துவிடும். கண்ணாடியில் விரித்து வைத்து, இரண்டு பகுதியாக எடுங்கள். எழுத்துக்கு 300 டிபிஐ போதும். பழைய கல்யாணப் போட்டோவுக்கு 600 வையுங்கள். இரு மடங்கு பெரிதாக அச்சிட்டாலும் முகம் தெளிவாக இருக்கும்.

உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.