ஆபிரகாம் பண்டிதரும் பன்னிரண்டு கட்டங்களும்



வல்லம் என்று சொன்னாலே தஞ்சாவூர் வல்லமா என்று கேட்பார்கள். நான் செஞ்சிப் பக்கத்து வல்லம். ஆனால் இன்று எழுதப்போவது தஞ்சாவூரில் வாழ்ந்த ஒருவரைப் பற்றித்தான். ஆபிரகாம் பண்டிதர் (1859–1919). தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்தவர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. பிறகு சித்த வைத்தியத்தில் நன்றாகச் சம்பாதித்தார். சம்பாதித்ததைச் சங்கீதத்தில் செலவழித்தார். 1912-இல் சங்கீத வித்யா மகாஜன சங்கம் என்று ஒன்றைத் தொடங்கி, வித்வான்களைத் தஞ்சாவூருக்கு அழைத்து, சோறு போட்டு, மாநாடு மாநாடாக விவாதிக்க வைத்தார். தமிழில் பாட்டு கற்கும் பிள்ளைகளுக்காகத் தானே பாடல்கள் இயற்றினார். 1917-இல் "கருணாமிர்த சாகரம்" வந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். தூக்கவே தனி பலம் வேண்டும்.

இதைக் கணக்கு வாத்தியார் ஏன் எழுத வேண்டும்? அந்தப் புத்தகத்தின் நடு எலும்பே கணக்குதான்.

ஒரு தந்தியை மீட்டினால் வருவது ச. அதன் பாதி நீளத்தில் மேல் ச. மூன்றில் இரண்டு பங்கில் ப. அதாவது ப-வின் அளவு 1.5. இப்போது அந்த ப-வையே ச-வாக வைத்து அதற்கொரு ப எடுங்கள், அதற்கும் ஒரு ப. இப்படிப் பன்னிரண்டு முறை போனால் ஏழு ஸ்தாயி ஏறி மறுபடி ச-வுக்கு வந்துசேர வேண்டும். வருகிறதா? 1.5-ஐப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 129.75. இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128. வீட்டு வாசலுக்கு வந்தும் படியில் கால் வைக்க முடியாத கதை.

வட்டம் மூட வேண்டும் என்றார் பண்டிதர். ப என்பது 1.5 அல்ல, அதைவிட ஒரு மயிரிழை குறைவு. ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக்கினால் ப 1.4983-இல் நிற்கும், வட்டமும் மூடும். அதை இரட்டித்தால் 24 சுருதி. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய 22 சுருதியைப் புனிதமாக வைத்திருந்த காலம் அது. சுலோகம் சொல்லி முடிக்கிற விவாதத்தில் இவர் தந்தியை அளந்து காட்டினார். 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் தன் வீட்டுப் பெண்களையே பாடவும் வீணை வாசிக்கவும் வைத்துக் காட்டினார். எல்லாரும் ஒத்துக்கொண்டுவிடவில்லை, இன்றும் இல்லை.

எனக்குப் பிடித்த இடம் வேறு. இந்தச் சமபங்கைச் சீனத்தில் ச்சூ ட்சாய்யூ என்ற இளவரசர் 1584-லேயே கணக்கிட்டிருக்கிறார். ஐரோப்பாவின் பியானோவும் அதில்தான் நிற்கிறது. பண்டிதர் ஆதாரம் தேடிப் போனது சிலப்பதிகாரத்துக்கு. ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரத்தின் பெயரோடு வட்டமாக நிற்பார்கள் அல்லவா? நாம் வகுப்பில் பொருள் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிற பகுதி. அவருக்கு அது பன்னிரண்டு ராசி வீட்டில் ஏழு பேர் நிற்கிற இசைக் கணக்கு.

எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. அப்பா வாங்கித் தந்த சின்ன கீபோர்டோடு பாட்டு கற்கப் போன இடத்தில், "இதில் நம் சங்கீதம் வராது, உங்கள் குடும்பத்தில் கேள்வி ஞானமும் இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கீபோர்டு அலமாரி மேல் ஏறிவிட்டது. "எடுத்துக்கிட்டு வா பாப்பா" என்றேன். வாசலில் சாக்பீஸால் வட்டம் போட்டுப் பன்னிரண்டு கட்டமாகப் பிரித்து, தெருப் பிள்ளைகள் ஏழு பேரை நிறுத்தினேன். யாரும் இடம் மாறக் கூடாது. ச பட்டத்தை மட்டும் ஒருத்தியிடமிருந்து அடுத்தவளுக்கு மாற்றினோம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவள் கீபோர்டில் வாசிக்க, வேறு ராகம். கட்டங்கள் சமமாக இல்லாவிட்டால் இந்த மாற்றம் சுத்தமாக வராது என்பதை நான் சொல்லவில்லை, அவளே சொன்னாள். "அப்ப இது கணக்குதானா சார்?" என்று கேட்டபோது அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அவளை அனுப்பியவர் சொன்னதில் பாதி உண்மை உண்டு. தோடியின் காந்தாரம் ஒரு புள்ளியில் நிற்காது, ஊசலாடும். அதைக் கட்டைக்குள் அடைக்க முடியாது. தம்புராவோடு இழைகிற தொண்டை தானாகவே 1.5-க்குத்தான் போகும், 1.4983-க்குப் போகாது. இந்த இடத்தில் பண்டிதர் பிடிவாதம் கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம். அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தை விலக்கிவைத்ததற்குச் சொன்ன காரணங்களில் கமகம் வராது என்பதும் ஒன்று. அதே ஆர்மோனியம் எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் விடிய விடிய நாலு கட்டை, ஐந்து கட்டை என்று கூத்தாடியைத் தாங்கிப் பிடிக்கிறது! கமகத்தைக் காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். ஆனால் ராகங்கள் எங்கிருந்து எப்படிப் பிறக்கின்றன என்பதை எண்ணத் தெரிந்த எந்தப் பிள்ளையும் கண்டுபிடிக்கலாம். பரம்பரை வேண்டியதில்லை. பண்டிதர் திறந்துவிட்ட கதவு அதுதான்.

கீபோர்டு இல்லாவிட்டால் செல்போனில் பியானோ செயலி போதும். வெள்ளைக் கட்டைகள் மட்டும். முதல் கட்டையிலிருந்து எட்டு கட்டை ஏறுங்கள், சங்கராபரணம். இரண்டாவதிலிருந்து கரகரப்பிரியா. மூன்றிலிருந்து தோடி, நான்கிலிருந்து கல்யாணி, ஐந்திலிருந்து அரிகாம்போதி, ஆறிலிருந்து நடபைரவி. ஏழாவதிலிருந்து ஏன் ராகம் நிற்கவில்லை என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அவளுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. உங்கள் வீட்டுப் பிள்ளை என்ன சொன்னது என்று கீழே எழுதுங்கள்.