நாலு பங்கில் நமக்குப் பங்கில்லை

ஆரணியில் சேரிச் சனத்துக்கு மெடிக்கல்தான் ஆஸ்பத்திரி. அரிசி மில்லில் மூட்டை சுமக்கிறவனும் பட்டுத்தறிக்குக் கூலிக்குப் போகிறவளும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அரசு மருத்துவமனை வரிசையில் நிற்க முடியாது. "ஜொரம், ஒடம்பு வலி, ரெண்டு வேளைக்குக் குடு" என்று இருபது ரூபாயை நீட்டுவார்கள். கடைக்காரர் மூன்று அட்டைகளைக் கத்தரித்து, காகிதத்தில் மடித்து, கை படாமல் மேலேயிருந்து போடுவார். எங்க ஆயா தன் பேரன் வயசுப் பையனை 'சாமி' என்றாள். அவன் 'இன்னா ஓணும் உனக்கு' என்றான். காலாவதித் தேதி இருந்த துண்டு கடையிலேயே தங்கிவிட்டது. பில்லு கேட்டால், "இருபது ரூபாய்க்கு பில்லு ஒரு கேடா?"

இந்தக் கடைகளைக் கேட்க நாதியில்லையா? இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டம் இருக்கிறது. அதன் விதிப்படி மருந்து ஆய்வாளர் வருசத்துக்கு ஒரு தடவையாவது ஒவ்வொரு கடைக்கும் போக வேண்டும். உரிமம் கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறதா, பதிவுபெற்ற மருந்தாளுநர் இருக்கிறாரா, ஃபிரிட்ஜ் ஓடுகிறதா, கொள்முதல் பில்லு சரியா, காலாவதிச் சரக்கு விற்பனையில் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகப்பட்ட மருந்துக்கு விலைகொடுத்து மாதிரி எடுப்பார். அதை நாலு பங்காக்கி முத்திரை வைக்கச் சொல்கிறது சட்டம். ஒன்று கடைக்காரருக்கு. ஒன்று அரசுப் பகுப்பாய்வாளருக்கு. ஒன்று நீதிமன்றத்துக்கு. இன்னொன்று, கடைக்காரர் கைகாட்டுகிற முதலாளிக்கு. விழுங்கின சனத்துக்கு ஒரு பங்கும் இல்லை.

ஆய்வு காகிதத்தைப் பிடித்துப் போகிறது. நாம் வாங்கின மாத்திரைக்குக் காகிதமே கிடையாது. அதனால் நம் வயிற்றுக்குள் போனது எந்தக் கணக்கிலும் வராது.

இது சின்ன விசயமில்லை. காலாவதி மருந்துகள் புதுத் தேதியோடு கடைகளுக்குத் திரும்பிய மோசடி 2010இல் சென்னையில் அம்பலமானது. 2025இல் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் செத்தன. தமிழ்நாடு அரசின் சோதனையில் அதில் 48.6 சதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது தெரிந்தது. அது சிறுநீரகத்தைத் தின்கிற நஞ்சு. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வுக்கூடம் சொன்ன பிறகும், எந்த பேட்ச் எந்த வீட்டில் இருக்கிறது என்று தேட அட்டையும் பில்லும் வேண்டும். காகிதத்தில் மடித்து வாங்கினவனை யார் தேடி வருவார்கள்?

அதே சட்டத்தில் 26ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. தான் வாங்கிய மருந்தை எவரும், அல்லது அங்கீகாரம் பெற்ற நுகர்வோர் சங்கம், கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து அறிக்கை வாங்கலாம். ஆய்வாளர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நம் இயக்கங்கள் நிலத்துக்கும் கூலிக்கும் மனு எழுதுகின்றன. இதற்கும் எழுத வேண்டும். நம் தெருவில் நாலு பேர் சேர்ந்தால் அந்தக் கட்டணத்தைக் கட்டலாம்.

அதற்கு முதல்படி கடை வாசலில் இருக்கிறது. அட்டையைக் கத்தரித்தால் தேதியும் பேட்ச் எண்ணும் உள்ள துண்டைக் கேட்போம். பில்லு தராமல் மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். சாமி என்று கும்பிட்டுக் கேட்க வேண்டாம். "பில்லு போடுங்க" என்று நிமிர்ந்து கேட்போம்.